வாசனை இழந்த மூக்கும் செவிக்கெட்டா ஒலியும்

அருப்புக்கோட்டை என்னும் பெயர் மல்லிகை அரும்பினால் வந்ததென்று கூறுவர். அங்கிருந்து திருச்சுழிவரை பரந்துகிடக்கும் வானம் பார்த்த பூமியில், முதல் மழைக்கு எழும் மண்வாசனைக்கு ஈடில்லை. அத்தகைய நாட்டிற் பிறந்தும் இவ்விரு மணங்களையும் அறியாது வாழ்வாரை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

கண்ணிழந்தவர்க்கு இரங்குகின்றோம், செவி கேளாதவரிடம் உரக்கப் பேசுகின்றோம், மணமறியாதவரைக் கண்டாலோ நகைக்கின்றோம். சோறு அடிப்பிடித்ததை அறியாத தாயைக் கடிந்துகொள்கின்றோம். இது பெரும் பிழையென்பது நமது கருத்து. சமையல் வாயுவுக்கு இயல்பில் மணம் இல்லை. கசிவை உணர்த்தவே மெர்க்காப்டன் என்னும் நாற்றப்பொருளை அதிற் கலக்கின்றனர். முகரும் ஆற்றல் இழந்தவர்க்கு அவ்வெச்சரிக்கை பயன்படாது. ஆகவே இஃது உயிரைப் பற்றிய காரியமாம்.

இவ்விழப்பிற்குப் பெருங்காரணங்களுள் ஒன்று நாட்பட்ட பீனிசம். அதாவது, மூக்கிலும் அதனை அடுத்த காற்றறைகளிலும் 12 வாரங்களோ அதற்கு மேலோ நீடிக்கும் அழற்சி. உட்சவ்வு வீங்கியும் சதை வளர்ந்தும், மூக்கின் உச்சியிலுள்ள மணவுணர்ச்சிப் பகுதிக்குக் காற்றுச் செல்லும் வழி அடைபடும். ஆங்குள்ள நரம்பணுக்களும் கேடுறும். கரிசற் புழுதியும் அடுப்புப் புகையும் மூக்கை மேலும் உறுத்தும். எனினும் அந்நரம்பணுக்கள் மீண்டும் தோன்றும் இயல்புடையன. ஆதலின் நம்பிக்கைக்கு இடமுண்டு.

அல்ட்ராசவுண்டு எனப்படும் செவிக்கெட்டா ஒலியால் இதனைத் தீர்க்கலாம் என்ற பேச்சு இப்பொழுது எழுந்துள்ளது. ஈரானிலும் நார்வேயிலும் சைனஸ் அழற்சிக்கு இதனைச் சோதித்துளர். ஆனால், 2010இல் வெளியான நார்வே ஆய்வு 48 பேரையே கொண்டது. அதுவும் புதிதாய் வந்த அழற்சியைப் பற்றியது. நெடுநாள் இழந்த வாசனையைப் பற்றியதன்று. அன்றியும், இவ்வொலி காற்றுவெளியை எதிர்ப்படின் பெரும்பாலும் திரும்பிவிடும் என்பதைப் பௌதிக மாணவர் அறிவர். காற்று நிறைந்த மூக்கின் உச்சிக்கு அஃது எவ்வளவு எட்டும்? இதற்கு விடை கிடைக்குமுன் கருவியை நம்பிப் பொருளைச் செலவிடல் தகாது. ஆராய்ச்சியை வரவேற்போம், விளம்பரத்தை வரவேற்கோம்.

நன்கு ஆராயப்பெற்ற வழிகள் முன்னமே உள்ளன: உப்புநீரால் மூக்கைக் கழுவுதல், ஸ்டீராய்டு மருந்தை மூக்கிற் பீச்சுதல், வேண்டுமாயின் சஸ்திர சிகிச்சை. கழுவுவதற்கு ஊருணி நீரையோ குழாய் நீரையோ அப்படியே கொள்ளலாகாது. நன்கு காய்ச்சி ஆறவைத்த நீரே வேண்டும். விருதுநகரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டமையால், வைத்தியரைக் காண நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை.

விடுமுறையில் ஊர் செல்லும் மாணவ நண்பர்காள்! உங்கள் பாட்டியாரைக் கண்மூடச் செய்து, ஒரு முழம் மல்லிகையை முகரக் கொடுங்கள். மணம் தெரியவில்லை என்பாராயின், நகையாது வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். கற்ற கல்வியின் பயன் வீட்டினின்றே தொடங்குவதாக.