'டை' ஊசிக்கு முன் கேட்க வேண்டியவை

பெங்களூருவில் பிழைக்க வந்த தமிழர் பலர், இனி முடியாது என்ற நிலை வந்த பிறகே ஆஸ்பத்திரிப் படியேறுகிறார்கள். பீனியா பட்டறைத் தொழிலாளிக்கும் சரி, கணக்கு எழுதும் குமாஸ்தாவுக்கும் சரி, ஒரு நாள் லீவு லேசான காரியம் அல்ல. நெஞ்சுவலி என்று போனால் ஆஞ்சியோகிராம். வயிற்றுவலி என்றால் பல சமயம் சி.டி. ஸ்கேன். "டை போட்டு எடுக்க வேண்டும், கையெழுத்துப் போடுங்கள்" என்று ஒரு தாளை நீட்டுகிறார்கள். படிக்காமலே கையெழுத்து விழுகிறது.

'டை' என்பது அயோடின் கலந்த மருந்து. ரத்தக் குழாயில் செலுத்தினால் எக்ஸ்ரே படத்தில் குழாய்கள் பளிச்சென்று தெரியும். வேலை முடிந்ததும் அது சிறுநீரகம் வழியாகவே வெளியேற வேண்டும். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு இதனால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. ஏற்கெனவே பழுதுபட்ட சிறுநீரகமோ, இரண்டு மூன்று நாளில் மேலும் தளரக்கூடும். பலருக்கு அது தானே சரியாகிவிடும். சிலருக்கு டயாலிசிஸ் வரை போகும்.

ரத்த அழுத்தத்துக்கு இதில் என்ன சம்பந்தம்? அழுத்தம் இருப்பதாலேயே டை கெடுதல் செய்துவிடாது. ஆனால் கவனிக்காமல் விட்ட ரத்த அழுத்தம், சிறுநீரகத்தின் நுண்ணிய குழாய்களை ஆண்டுக்கணக்கில் அரிக்கிறது. வலி இல்லை, வீக்கம் இல்லை; ஆளுக்கே தெரியாது. சர்க்கரை நோயும் சேர்ந்தால் சேதம் இரட்டிப்பு. இடுப்புவலிக்கும் மூட்டுவலிக்கும் மருந்துக் கடையில் தாமாக வாங்கி விழுங்கும் டைக்ளோபினாக், ஐபுபுரூபன் மாத்திரைகளும் தம் பங்குக்குக் கெடுக்கின்றன. வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள் என்று முதல் நாள் மாலை முதலே தண்ணீரையும் நிறுத்திவிட்டு வருகிறவரும் உண்டு. வறண்ட உடம்பில் டை செலுத்துவது நல்லதல்ல.

இதைக் கேட்டு ஸ்கேனே வேண்டாம் என்று ஓடுவது அதைவிடப் பெரிய தவறு. இந்த அபாயம் முன்பு மிகைப்படுத்தப்பட்டது என்று அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் கல்லூரியும் தேசியச் சிறுநீரக அறக்கட்டளையும் 2020-ல் கூட்டாக அறிவித்தன. சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் காட்டும் ஜி.எஃப்.ஆர். அளவு 30-க்குக் கீழே போனவர்களுக்கும், சிறுநீரகம் திடீரெனப் பழுதானவர்களுக்கும்தான் முக்கியமாக முன்னேற்பாடு தேவை என்றன. பெரும்பாலும் அது நரம்பு வழியே ஏற்றும் சாதாரண உப்பு நீர்தான். மாரடைப்பு வந்தவருக்கோ ஆஞ்சியோகிராமைத் தள்ளிப்போடுவது உயிருக்கே உலை.

ஆகவே வேண்டியது பயம் அல்ல, விசாரணை. கிரியாட்டினின் என்னும் எளிய ரத்தப் பரிசோதனை சிறுநீரகத்தின் நிலையைக் காட்டிவிடும். இதயத்துக்கு ஜெயதேவா, சிறுநீரகத்துக்கு விக்டோரியா வளாகத்தில் தனிக் கழகம் என்று அரசே நடத்தும் நிலையங்கள் உள்ள நகரம் இது. வசதிக்குக் குறைவில்லை, பேச்சுத்தான் குறைவு. ரத்த அழுத்தம் உண்டா, சர்க்கரை உண்டா, சிறுநீரகக் கோளாறு உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், முன்பு டை ஒத்துக்கொள்ளாமல் போனதா? இந்த ஐந்து கேள்விகளையும் நோயாளிக்குத் தெரிந்த மொழியில் கேட்டுவிட்டுக் கையெழுத்து வாங்குவதே முறை. கன்னடத்தோடு தமிழ், தெலுங்கு, உருது, இந்தியிலும் ஒரு தாள் அச்சிட்டு வைத்தால் எந்த ஆஸ்பத்திரியும் நொடித்துவிடாது.

நோயாளிக்கும் கடமை உண்டு. பழைய மருந்துச் சீட்டு, மாத்திரை அட்டை, கடைசி கிரியாட்டினின் முடிவு மூன்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டும். வலி மாத்திரையை மறைக்கக் கூடாது. பிரஷர் மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், சர்க்கரைக்கான மெட்பார்மினை நிறுத்த வேண்டுமா என்பதை டாக்டரிடம் கேட்க வேண்டும்.

கேட்டால் டாக்டர் கோபிப்பாரோ என்ற கூச்சம் வேண்டாம். ஒரு நிமிடக் கோபம் பொறுக்கலாம். வாரம் இரண்டு மூன்று நாள் வேலையை விட்டு டயாலிசிஸுக்கு அலையும் நிலையை எந்தக் குடும்பமும் பொறுக்க முடியாது.