கூட்டம் வருகிறது, காசு ஏன் வரவில்லை?

ஒவ்வொரு மாதமும் பௌர்ணமி நெருங்கினால் தமிழ்நாட்டுக் கைப்பேசிகளில் ஒரே கேள்வி ஓயாமல் தட்டப்படுகிறது: திருவண்ணாமலையில் கிரிவலம் வர உகந்த நேரம் எது? பதில் இரண்டே வரி. திதி இந்த நாள் இத்தனை மணிக்குத் தொடங்குகிறது, மறுநாள் இத்தனை மணிக்கு முடிகிறது. கோயில் நிர்வாகம் அறிவிக்கும் அந்த இரண்டு வரியைச் சுற்றி, பெரிய நாளிதழ்களின் இணையதளம் முதல் வீட்டிலிருந்து தனியாக எழுதுகிறவர் வரை எல்லோரும் கடை விரிக்கிறார்கள். பஞ்சபூதத் தலங்களில் அக்னித் தலம் என்று ஒரு பத்தி, அஷ்டலிங்கங்களின் பெயர், 14 கிலோமீட்டர் சுற்று, நடுநடுவே விளம்பரங்கள். கேட்ட நேரம் கடைசிப் பத்தியில் இருக்கும்.

தமிழில் எழுதி இணையத்தில் சம்பாதிக்க முடியுமா என்று கேட்பவர்கள் இந்தப் பக்கங்களை உற்றுப் பார்த்தால் போதும். ஆள்வரத்துக்குத் தமிழில் பஞ்சமே இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் இந்தியாவில் மட்டும் சுமார் 6.9 கோடிப் பேர். கேபிஎம்ஜியும் கூகுளும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, இந்திய மொழிகளில் இணையத்தைப் பயன்படுத்துவோர் 23.4 கோடி, ஆங்கிலத்தில் பயன்படுத்துவோர் 17.5 கோடி என்றது. மொழிவாரியாக இணையப் பயன்பாட்டு விகிதத்தைப் பார்த்தபோது, 42 சதவீதத்துடன் தமிழர்கள்தான் முதலிடத்தில் நின்றார்கள். இவ்வளவு கூட்டம் இருந்தும் தமிழில் மட்டும் எழுதிக் குடும்பம் நடத்துகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கோளாறு மொழியில் இல்லை, நாம் நம்பியிருக்கும் வருமான வழியில் இருக்கிறது.

பதினைந்து ஆண்டு இடைவெளி

கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரத் திட்டம் தொடங்கியது 2003-இல். தமிழில் வலைப்பதிவுகள் முளைவிட்டதும் அதே ஆண்டில்தான். 2004-இல் காசி ஆறுமுகம் உருவாக்கிய ‘தமிழ்மணம்’ திரட்டி, உலகின் பல மூலைகளில் எழுதிக்கொண்டிருந்தவர்களை ஒரே பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தது. எழுத்துருச் சிக்கல் தீர்ந்து யூனிகோடு பரவியதும் எழுதுபவர்கள் பெருகினார்கள். ஆனால் ஆட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டது 2018 பிப்ரவரியில். இந்திக்கு 2014 டிசம்பரிலும் வங்காளத்துக்கு 2017-இலும் கதவு திறந்த பிறகே நம் முறை வந்தது.

நடுவில் போன பதினைந்து ஆண்டுகள்தான் தமிழ் வலைப்பதிவின் துடிப்பான காலம். சினிமா விமர்சனம், பயணம், ஊர்க்கதை, அரசியல் சண்டை என்று ஒரு தலைமுறை கைக்காசு போட்டு எழுதித் தள்ளியது. விளம்பர வருமானம் வேண்டியவர்கள் பெயருக்கு ஆங்கிலத்தில் ஒரு தளம் தொடங்கி, அனுமதி வாங்கி, அதன் நிரல்துண்டைத் தமிழ்ப் பக்கத்தில் ஒட்டினார்கள். பிடிபட்டால் கணக்கு முடக்கப்படும், சேர்ந்த பணமும் போய்விடும். தமிழுக்கு முறையான அனுமதி கிடைத்தபோது எழுதியவர்களில் பெரும்பாலோர் ஃபேஸ்புக்குக்குக் குடிபெயர்ந்திருந்தார்கள். காலியான இடத்தில் ராசிபலன், வேலைவாய்ப்புச் செய்தி, கிரிவல நேரம் ஆகியவை வந்து உட்கார்ந்தன.

ஏலத்தில் என்ன விலை?

ஒரு பக்கம் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதிலுள்ள விளம்பர இடம் நொடிப்பொழுதில் ஏலம் போகிறது. வாசிப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார், எதை வாங்கக்கூடியவர், எதைப் பற்றிப் படிக்கிறார் என்பதை வைத்து நிறுவனங்கள் விலை கேட்கின்றன. வீட்டுக்கடன் பற்றிப் படிப்பவருக்காக வங்கிகள் போட்டி போடும். விழுப்புரம் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு பௌர்ணமி நேரம் பார்ப்பவருக்காகப் போட்டி போட யாருமில்லை. அதே பக்கத்தை டொராண்டோவிலோ சிங்கப்பூரிலோ ஒருவர் திறந்தால் விலை ஏறும். எழுத்து அதேதான், மாறியது வாசகரின் முகவரி.

ஏலத்தில் வந்த தொகையில் எழுதியவருக்குச் சேருவது ஏறத்தாழ 68 சதவீதம். கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும், முகவரியைச் சரிபார்க்கும் எண் அச்சிட்ட ஒரு தபால் வீட்டுக்கு வரும். அதை உள்ளிட்ட பிறகும் 100 டாலர் சேரும்வரை பணம் கைக்கு வராது. தபால்காரர் அந்த உறையைக் கொடுத்த நாளில் இருந்த உற்சாகம், அடுத்த 90 டாலருக்குக் காத்திருப்பதில் வடிந்துபோகும். பலர் எழுதுவதை நிறுத்துவது இந்த இடைவெளியில்தான்.

நிறுத்தாதவர்கள் எண்ணிக்கையை நம்புகிறார்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம், இருபது பக்கம் என்று ஒன்றையே திருப்பித் திருப்பி எழுதி ஏற்றுகிறார்கள். இப்போது அந்த வேலையைச் செயற்கை நுண்ணறிவிடமே ஒப்படைத்துவிடுகிறார்கள். கிரிவலப் பாதையில் ஒரே மாதிரி நூறு டீக்கடை இருந்தால் ஒரு கடையில் எத்தனை டீ விற்கும்? போதாக்குறைக்கு, மொத்தமாகத் தயாரித்துக் கொட்டப்படும் பக்கங்களைத் தேடலில் பின்னுக்குத் தள்ளும் விதியை கூகுள் 2024 மார்ச்சில் கொண்டுவந்தது. இரண்டு வரிப் பதிலைத் தேடுபொறியே மேலே எடுத்துப் போட்டுவிட்டால் யாரும் உள்ளே வரவும் மாட்டார்கள். இரண்டு வரித் தகவலை வைத்துப் பிழைக்கும் காலம் முடிந்துகொண்டிருக்கிறது.

யூடியூபில் தமிழர்கள் சம்பாதிக்கவில்லையா என்று கேட்கலாம். சம்பாதிக்கிறார்கள். புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து சமைத்துக் காட்டும் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’, தமிழில் முதன்முதலாக ஒரு கோடிச் சந்தாதாரர்களை 2021-இல் எட்டியது. ஆனால் அண்டாவில் வேகும் பிரியாணியை ரசிக்கத் தமிழ் தெரிய வேண்டியதில்லை. அங்கே மொழி என்ற வேலி கிடையாது. எழுத்துக்கு அந்த வசதி இல்லாததால் அதன் வழி வேறாகத்தான் இருக்க முடியும்.

அதே ஊரில் வேறொரு கணக்கு

அந்த வழியையும் திருவண்ணாமலையிலேயே பார்க்கலாம். பால் பிரண்டன் 1934-இல் எழுதிய ஆங்கில நூல்தான் இங்கே வாழ்ந்த ரமண மகரிஷியை மேற்குலகில் பரவலாக அறிமுகப்படுத்தியது. 1964-இல் ஆர்தர் ஆஸ்போர்ன் ஆசிரியராகத் தொடங்கிய ரமணாசிரமத்தின் ஆங்கில இதழ் ‘மவுண்டன் பாத்’ இன்றும் வருகிறது. ஆசிரம நூலகத்தைச் சில ஆண்டுகள் கவனித்துக்கொண்ட டேவிட் காட்மன் தொகுத்த ரமணரின் உபதேச நூல் 1985-இல் வெளிவந்தது, இன்றும் வாங்குகிறார்கள். ஆங்கிலம் என்பதால்தானே என்று ஒதுக்கிவிட முடியாது. இந்த மலையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி மறக்கப்பட்டவர்கள் எத்தனையோ பேர். நின்றவர்கள் ஊரிலேயே தங்கி, உரையாடல்களையும் நினைவுகளையும் ஆண்டுக்கணக்கில் சேகரித்து எழுதியவர்கள். அவர்களைப் படித்தவர் அடுத்த புத்தகத்துக்காகத் திரும்பி வந்தார்.

தமிழிலும் இதற்குச் சான்று உண்டு. இதே ஊரில் மொழிபெயர்ப்பாளர் கே.வி.ஷைலஜா நடத்தும் வம்சி பதிப்பகம், 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில், எழுத்தாளர் மாதவராஜ் வலைப்பதிவுகளிலிருந்து தேர்ந்து தொகுத்த எழுத்துகளை நூல்களாக வெளியிட்டது. திரையில் இலவசமாகக் கிடைத்ததைக் காசு கொடுத்து வாங்கவும் ஆள் இருக்கும் என்று நம்பிப் போட்ட முதல் அது. எழுத்தாளர் பவா செல்லதுரை அவையில் உட்கார்ந்து பிறருடைய சிறுகதைகளைச் சொல்கிறார். அதைக் காணொளியில் பார்த்தவர்கள் மூலக்கதை இருக்கும் புத்தகத்தைத் தேடிப் போகிறார்கள். ஜெயமோகன் 2014 ஜனவரி தொடங்கி 2020 ஜூலை வரை ‘வெண்முரசு’ நாவல் வரிசையின் 26 நூல்களையும் நாளுக்கு ஓர் அத்தியாயமாக இணையத்தில் இலவசமாகவே எழுதினார். அவையே தடித்த நூல்களாக விலைக்கும் வந்தன. வலைப்பதிவில் சினிமா பற்றி எழுதிப் பெயர் வாங்கிய கேபிள் சங்கர், சினிமா வியாபாரம் பற்றிய நூல் எழுதி, 2015-இல் ஒரு படமும் இயக்கினார்.

இவர்களில் யாருக்கும் இணையப் பக்கமே கல்லாப்பெட்டியாக இருக்கவில்லை. பக்கம் வாசகரின் நம்பிக்கையைச் சம்பாதித்துக் கொடுத்தது. காசு புத்தகத்திலோ மேடையிலோ தொழில்வாய்ப்பிலோ வந்தது. விளம்பரத்தை நம்பும் பக்கத்துக்கு நாள்தோறும் புதிய ஆள் வேண்டும், இந்த வகை எழுத்துக்குப் பழைய ஆள் திரும்பி வந்தால் போதும்.

உள்ளூரின் பலம்

திரும்பி வர வைக்கும் எழுத்து எது? 2024 மே மாதத்தில் சென்னைக் கடற்கரை - வேலூர் ரயில் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டது. அது நள்ளிரவை ஒட்டி வந்து, விடியுமுன் புறப்பட்டுவிடுகிறது. குறைந்த கட்டண டிக்கெட்டில் வந்து அந்நேரத்தில் இறங்கும் குடும்பத்துக்கு எட்டு லிங்கங்களின் பெயரைவிட முக்கியமான கேள்விகள் இருக்கின்றன. ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவுக்கு எவ்வளவு கேட்பார்கள்? அந்த நேரத்தில் அறை கொடுப்பார்களா? பாட்டியால் சுற்றி வர முடியாவிட்டால் எந்த இடத்திலிருந்து திரும்பலாம்? குழந்தையோடு வந்தால் கழிப்பறை எங்கே? இதற்கெல்லாம் சென்னையிலிருந்து எழுதும் எந்தத் தளத்திலும் நம்பகமான பதில் கிடையாது. ஊரில் நடந்து பார்த்தவரால் மட்டுமே சொல்ல முடியும். அதுவும் மாதாமாதம் மாறும்.

2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு இடிந்து வ.உ.சி. நகரில் ஏழு பேர் உயிரிழந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் கார்த்திகை மகாதீபம். மலையேற விடுவார்களா, எந்தத் தெருவுக்குப் போகலாம் என்று தெரியாமல் மக்கள் தவித்தார்கள். அந்த ஆண்டு பக்தர்களுக்கு மலையேற அனுமதி இல்லை என்று அரசு அறிவித்தது. இப்படிப்பட்ட வாரத்தில் தெருத்தெருவாக விசாரித்து எழுதுகிறவர் சம்பாதிக்கும் நம்பிக்கையை எந்த விளம்பர ஏலத்திலும் வாங்க முடியாது.

அந்த நம்பிக்கைக்கு விலை தரக்கூடியவர்களும் ஊரிலேயே இருக்கிறார்கள். தங்கும் விடுதிகள், உணவகங்கள், ஆரணிப் பட்டுக் கடைகள், வாடகைக் கார்காரர்கள் எல்லோரும் சுவரொட்டிக்கும் நோட்டீசுக்கும் செலவழிக்கிறார்கள். பத்து மாவட்டத்து வாசகர் ஊருக்குக் கிளம்புமுன் படிக்கும் பக்கத்தில் விளம்பரம் தரலாம் என்று அவர்களிடம் யாரும் போய்ச் சொன்னதில்லை. நேரடியாகப் பேசி வாங்கும் விளம்பரத்தில் இடைத்தரகருக்குப் பங்கில்லை. 100 டாலர் வரம்பும் இல்லை. ஒரே நிபந்தனை: விடுதிக்காரரிடம் பணம் வாங்கி அவர் விடுதியைப் பற்றி எழுதினால், வாங்கியதை அதே பக்கத்தில் சொல்லிவிட வேண்டும். மறைத்தது தெரிந்துவிட்டால் திரும்பி வருகிறவர் வரமாட்டார். அதோடு தொழில் முடிந்தது.

வாசகரின் பங்கு

ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் பேசும் கட்டலான் மொழியில் ‘வில்லாவெப்’ என்ற இணைய நாளிதழ் 1995-இலிருந்து நடக்கிறது. அதில் வருவதைப் பெரும்பாலும் எல்லோரும் இலவசமாகப் படிக்கலாம். சந்தா கட்டுபவர்கள், கட்டாதவர்களுக்காகவும் சேர்த்தே கட்டுகிறார்கள். இது நமக்குப் புதிதல்ல. சி.சு.செல்லப்பாவின் ‘எழுத்து’ போன்ற சிறுபத்திரிகைகள் விளம்பரத்தை நம்பாமல், ஆசிரியர்களின் கைப்பணத்திலும் சில நூறு சந்தாதாரர்களின் தயவிலும்தான் ஓடின. அன்று சந்தா அனுப்ப மணியார்டர் எழுத வேண்டும். இன்று யுபிஐ வந்த பிறகு ஐம்பது ரூபாயை அரை நிமிடத்தில் அனுப்பலாம். வழி எளிதாகிவிட்டது, பழக்கம்தான் இன்னும் வரவில்லை.

அரசும் இங்கே ஒன்று செய்யலாம். அச்சுப் புத்தகத்துக்கு நூலக ஆணை இருக்கிறது. பல பதிப்பகங்கள் மூச்சு விடுவது அதனால்தான். இணையத்தில் மட்டும் வெளியாகும் தரமான தமிழ் எழுத்துக்கும், ஊர் வரலாற்றையும் வட்டாரத் தகவலையும் ஆவணப்படுத்தும் தளங்களுக்கும் அதுபோன்ற ஒரு கொள்முதல் முறையைப் பொது நூலகத் துறை யோசிக்க வேண்டும். தேர்வு வெளிப்படையாக நடக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எழுத வருகிறவர்கள் போட வேண்டிய கணக்கு எளியது. மாதம் ஐம்பது ரூபாய் தரும் வாசகர்கள் 500 பேர் கிடைத்தால் 25,000 ரூபாய். உள்ளூர்க் கடைகள் பத்து, ஆளுக்கு ஆயிரம் தந்தால் இன்னொரு 10,000. சிற்றூரில் ஒரு குடும்பம் ஓரளவு நிமிர்ந்து வாழ இது போதும். லட்சம் பேரைத் துரத்துவதைவிட 500 பேரைத் தக்கவைப்பது கடினம். ஒவ்வொரு மாதமும் உழைத்து எழுத வேண்டும், தவறான தகவல் வந்தால் பெயர் கெடும். ஆனால் அந்த 500 பேரை எந்தத் தேடுபொறியின் விதிமாற்றமும் ஒரே இரவில் பறித்துக்கொண்டு போக முடியாது.