ஒரே சேவையகம் என்றாலும் வாசல் வேறு வேறாக இருக்கட்டும்

பாடசாலைகளில் ஐசிடி படிப்பிக்கும் நாம் பாடத்தோடு நின்றுவிடுவதில்லை. வரவுப் பதிவுக்கு ஒரு செயலி, தவணைப் புள்ளிகளுக்கு இன்னொன்று, பெற்றோருக்கு எஸ்எம்எஸ் அனுப்ப மற்றொன்று என்று ஓய்வு நேரத்தில் நாமே எழுதி, செலவைக் குறைக்க மூன்றையும் ஒரே சேவையகத்தில் ஏற்றிவிடுகிறோம். பிறகுதான் கேள்வி வருகிறது: இவை ஒன்றோடொன்று எப்படிப் பேசுவது?

"எல்லாம் ஒரே மெஷின்தானே, ஒரே டேட்டாபேஸைப் பாவிக்கட்டும்" என்பதுதான் வழக்கமான பதில். அது இலகுவானது, வேகமானது. ஆனாலும் அதை நாம் கைவிட வேண்டும் என்பதே எமது கருத்து.

ஓர் உதாரணம் பாருங்கள். வரவுச் செயலியில் 0 என்றால் வரவில்லை, 1 என்றால் வந்தார். எஸ்எம்எஸ் செயலி அந்த அட்டவணையை நேரடியாக வாசிக்கிறது. ஒருநாள் வரவுச் செயலியை எழுதியவர், போட்டிக்காக வெளியே சென்ற பிள்ளைகளுக்கென்று புதிதாக 2 என்ற குறியீட்டைச் சேர்க்கிறார். எஸ்எம்எஸ் செயலியோ 1 அல்லாத எல்லாவற்றையும் "வரவில்லை" என்றே எடுத்துக்கொள்கிறது. எந்தப் பிழைச் செய்தியும் திரையில் வராது. பாடசாலைக்காக ஓடப்போன பிள்ளையின் தாய்க்கு, "உங்கள் பிள்ளை இன்று சமூகமளிக்கவில்லை" என்று செய்தி போகும். அந்தத் தாயின் பதற்றத்துக்கு யார் பொறுப்பு?

இதற்குப் பதிலாக வரவுச் செயலி ஒரு சிறிய ஏபிஐ வைத்திருந்தால் போதும். "இன்று வராதவர்கள் யார்?" என்று எஸ்எம்எஸ் செயலி கேட்கும், பெயர்ப் பட்டியல் மட்டும் வரும். உள்ளே குறியீடு எப்படி மாறினாலும் கேட்பவருக்குக் கவலையில்லை. "அப்படியென்றால் வேகம் குறையுமே" என்பார்கள். 127.0.0.1 என்ற முகவரிக்குப் போகும் கோரிக்கை சேவையகத்தை விட்டு வெளியே போவதே இல்லை, உள்ளேயே சுற்றித் திரும்பிவிடும். ஒரு பாடசாலையின் வேலைக்கு அந்தத் தாமதம் கண்ணுக்கே தெரியாது.

பாதுகாப்பு இதைவிடப் பெரிய விடயம். எல்லாச் செயலிகளிடமும் ஒரே டேட்டாபேஸ் கடவுச்சொல் இருந்தால், அவற்றில் மிகப் பலவீனமான செயலியில் ஓர் ஓட்டை விழுந்தாலே போதும். பிள்ளைகளின் புள்ளிகள், வீட்டு முகவரி, பெற்றோரின் தொலைபேசி இலக்கம் எல்லாம் வெளியே போய்விடும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த நாட்டில் இருந்துகொண்டு நாம் இவ்வளவு அலட்சியமாக இருக்க முடியாது. ஏபிஐ வைத்தாலும், "உள்ளுக்குள்தானே" என்று திறந்து விடக்கூடாது. அதே சேவையகத்தில் ஓடும் எந்த நிரலும் அந்த வாசலைத் தட்டலாம். ஆகவே ஒவ்வொரு செயலிக்கும் தனித் திறவுகோல் கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் ஏபிஐதான் என்று நாம் பிடிவாதம் பிடிக்கவில்லை. எப்போதும் சேர்ந்தே மாறும் இரண்டு செயலிகள் என்றால் அவற்றை ஒன்றாக்கிவிடுவதே நல்லது. மாத அறிக்கைக்கு வாசிக்க மட்டும் வேண்டுமென்றால், தேவையான நிரல்களை மட்டும் காட்டும் ஒரு 'வியூ'வும், வாசிப்பு அனுமதி மட்டும் உள்ள ஒரு பயனர் கணக்கும் போதும். ஆயிரம் எஸ்எம்எஸ் அனுப்புவது போன்ற, உடனே முடியத் தேவையில்லாத வேலையை வரிசையில் போட்டுவிட்டால் ஆசிரியர் திரையைப் பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை.

கடைசியாக, நமது தொழிலுக்கே உரிய ஒரு காரணம் இருக்கிறது: இடமாற்றம். செயலியை எழுதிய சேர் அல்லது டீச்சர் அடுத்த ஜனவரியில் வேறு வலயத்தில் இருக்கலாம். எந்த அட்டவணையை எந்தச் செயலி தொடுகிறது என்பது அவர் தலைக்குள் மட்டும் இருந்தால், அதுவும் அவரோடு பஸ் ஏறிவிடும். ஏபிஐ என்றால் என்ன கேட்கலாம், என்ன பதில் வரும் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி, அதிபரின் கோப்பில் வைத்துவிட்டுப் போகலாம். அடுத்து வருபவர் அந்தப் பக்கத்திலிருந்து வேலையைத் தொடங்கட்டும்.