பழிகரப்பும் எதிர்ப்பொருளும்: ஔவையாரின் தூதுமொழியை முன்வைத்து

வெளிப்படக் கூறத்தக்க ஒன்றை ஒருவர் ஏன் எள்ளற் குறிப்பாகக் கூறுகிறார்? சொல்லுக்கு எதிரான பொருளை உணர்த்துவதே எள்ளல் என்பது மேலைமரபில் நெடுங்காலம் நிலைத்த விளக்கம். உண்மையே கூறுக என்னும் உரையாடல் நெறியைப் பேசுவோர் வெளிப்படையாக மீறுவதால் எதிர்ப்பொருள் தோன்றுகிறது எனப் பால் கிரைஸ் தம் 1975ஆம் ஆண்டுக் கட்டுரையில் விளக்கினார். வஞ்சப்புகழ்ச்சி அணியை நாம் பயிற்றும் முறையும் பெரும்பாலும் இதனையே ஒத்துள்ளது. இவ்விளக்கம் போதாது என்பதே என் கருத்து.

புறநானூற்றின் 95ஆம் பாடலை நோக்குக. அதியமானுக்காகத் தூது சென்ற ஔவையாரிடம் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். இங்குள்ளவை பீலியும் மாலையும் அணிந்து, நெய்பூசப்பெற்றுக் காவல்மனையில் உள்ளன என்றும், அங்குள்ளவை பகைவரைக் குத்தி நுனி முரிந்து கொல்லன் கொட்டிலில் கிடக்கின்றன என்றும் அவர் கூறுகிறார். இவற்றுள் பொய்யான கூற்று ஒன்றுமில்லை. எதிர்மறையாக்கிப் பொருள்கொள்ள வேண்டிய தொடரும் இல்லை. ஆயினும் எள்ளல் ஐயமின்றிப் புலனாகிறது.

இதற்குத் தொல்காப்பியச் செய்யுளியலே பொருத்தமான கலைச்சொல்லைத் தருகிறது. அங்கதத்தைச் செம்பொருள், கரந்தது என இருவகைப்படுத்தும் அந்நூல், மொழி கரந்து கூறுவதைப் பழிகரப்பு என்கிறது. கரக்கப்படுவது உண்மையன்று, பழியே. போர்ப்பழக்கமற்றவன் எனத் தூதுவர் வேந்தனை நேர்நின்று பழித்தல் இயலாது. பழித்தால் தூது முறியும். இரு கொட்டில்களையும் அருகருகே வைத்தால் முடிவைக் கேட்போனே எய்துகிறான். தானே எய்திய முடிவை மறுப்பது அவனுக்கு அரிது. கூறியவரைக் குற்றஞ்சாட்டவும் சொற்களில் சான்றில்லை. வெளிப்படைக் கூற்றுக்கு இவ்விரு பயனும் இல்லை.

இப்பாடல் பாடாண் திணையில் வாண்மங்கலத் துறையாக வகுக்கப்பட்டிருப்பதும் கருதத்தக்கது. பாடற்சொற்கள் புகழ்த்துறைக்கு இடந்தருகின்றன. எள்ளலை நமக்கு உறுதிப்படுத்துவது சூழலுரைக்கும் அடிக்குறிப்பே. அக்குறிப்பு பாடலுக்குப் பிற்பட்டதெனின், நம் வாசிப்பும் அந்த அளவிற்கு அதனைச் சார்ந்ததே என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆகவே எள்ளலைச் சொல்லணியாகவோ பொருளணியாகவோ பெயரிட்டு அமைதல் ஆய்வாகாது. கூற்று, கேட்போர், களன், முன்னம் ஆகியவற்றைத் தொல்காப்பியர் செய்யுளுறுப்புகளாகவே எண்ணியுள்ளார். அங்கத ஆய்வு இவ்வுறுப்புகளிலிருந்து தொடங்குதல் வேண்டும்.