ஒரு சொல்லும் சில சிறுகோடுகளும்

தியானப் பகுதி: ரோமர் 5:6–11, மத்தேயு 5:23–24



பெரிய வெள்ளியை ஒட்டிய ஆங்கிலப் பிரசங்கங்களில் ‘அட்டோன்மென்ட்’ என்னும் சொல்லைச் சிறுகோடுகளிட்டு ‘அட்-ஒன்-மென்ட்’ என்று பிரித்துக் காட்டுவதுண்டு. ‘அட் ஒன்’ என்றால் ஒன்றாயிருத்தல். ஆகவே தேவனோடு ஒன்றாக்கப்படுதலே அதன் பொருள் என்பார்கள். சொற்களை இப்படி உடைத்துப் பொருள் காண்பது பல வேளைகளில் மேடை அலங்காரமாகவே முடிந்துவிடும். ஆனால் இந்தச் சொல்லைப் பொறுத்தவரை அதுவே மெய்யான வரலாறு.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாமஸ் மோர் இச்சொல்லை எழுதியபோது, பகை ஒழிந்து இணங்கிய மனிதரையே குறித்தார். 1526-இல் வில்லியம் டின்டேல் தமது ஆங்கிலப் புதிய ஏற்பாட்டில், ரோமர் 5:11-இல் இதை வைத்தார். 1611-ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பின் புதிய ஏற்பாட்டில் அந்த ஓரிடத்தில் மட்டும் இது நிலைத்தது. லேவியராகமத்தின் பலிகளுக்கும் இதே சொல் வழங்கியபடியால், நாளடைவில் பரிகாரம் என்னும் பொருள் முந்திக்கொண்டது; ஒன்றாதல் என்னும் பொருள் மங்கிற்று.

இதில் துயரமான ஒன்றும் உண்டு. மோரும் டின்டேலும் விசுவாசத்தின் பேரால் ஒருவரையொருவர் எழுத்தில் கடுமையாகத் தாக்கினார்கள். மோர் 1535-இலும் டின்டேல் 1536-இலும் கொலைத்தண்டனை பெற்று மாண்டார்கள். அந்தச் சொல்லை இருவரும் அறிந்திருந்தார்கள். ஆனாலும் ஒருவரோடொருவர் சமாதானமாகவில்லை.

நமது பழைய தமிழ் வேதாகமத்தைத் திறந்து பாருங்கள். லேவியராகமத்தில் ‘பாவநிவிர்த்தி’ என்றும், ரோமர் நிருபத்தில் ‘ஒப்புரவாகுதல்’ என்றும் வாசிக்கிறோம். ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கியதைத் தமிழ் இரண்டு சொற்களாகத் தெளிவாக வைத்திருக்கிறது. ஆகையால் ஆங்கிலச் சிறுகோடுகளை நாம் இரவல் வாங்க வேண்டியதில்லை என்பதே என் எண்ணம். ‘ஒப்புரவு’ என்பதை ‘ஒப்பு-உறவு’ என்று உடைக்கவும் வேண்டாம். அங்கே இருப்பது இடையின ரகரமே அன்றி வல்லின றகரம் அன்று.

அந்தச் சொல்லின் செல்வத்தை அறிய நாம் வெகுதூரம் போக வேண்டியதுமில்லை. திருவள்ளுவர் பிறந்த ஊர் என்று மரபு சொல்லும் மயிலாப்பூரில் அவருக்குக் கோயில் உண்டு. அவருடைய நூலின் 22-ஆம் அதிகாரம் ‘ஒப்புரவறிதல்’. ஊரார் நீருண்ணும் குளம் நிறைந்ததுபோலவும், ஊர் நடுவே பயன்மரம் பழுத்ததுபோலவும், ஒப்புரவாளனிடத்திலுள்ள செல்வம் பிறருக்குப் பயன்படும் என்கிறார். நூல்கள் விதிக்காமலே தானாக அறிந்து செய்வது என்று பரிமேலழகர் விளக்குகிறார். அதே மயிலாப்பூரிலுள்ள சாந்தோம், லஸ் ஆலயங்களில் கத்தோலிக்க சகோதரர் பாவசங்கீர்த்தனத்தை ‘ஒப்புரவு அருட்சாதனம்’ என்று அழைக்கிறார்கள்.

வள்ளுவர் சொன்னதும் பவுல் சொன்னதும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. வள்ளுவர் கூறுவது ஊரோடு ஒத்து ஈந்து வாழும் பண்பு. பவுல் கூறுவதோ, சத்துருக்களாயிருந்த நம்மைத் தேவன் தமது குமாரனின் மரணத்தினாலே தம்மோடு சேர்த்துக்கொண்ட கிருபை. ஆயினும் நம் மொழிபெயர்ப்பாளர்கள் அந்தக் கிருபைக்கு இந்தச் சொல்லையே தெரிந்துகொண்டார்கள். தேவனிடத்தில் பெற்ற சமாதானம் நமக்குள்ளேயே தேங்கிவிடாமல், ஊருணியைப்போல அயலாருக்கும் எட்ட வேண்டும் என்று அது நமக்கு நினைப்பூட்டுகிறது.

இங்கேதான் நம் சபைகள் சோதிக்கப்படுகின்றன. தியாகராய நகரிலும் அடையாற்றிலும் பூர்வீக வீடு விற்றுப் பங்கு பிரித்தபின் பேச்சற்றுப்போன உடன்பிறந்தார் எத்தனைபேர்! ஒரே ஆலயத்தில் வெவ்வேறு வாசல்வழியாய் வெளியேறுகிறவர்கள் உண்டு. சாதியை மனதில் வைத்துக்கொண்டே திருவிருந்துக்கு முழங்காற்படியிடுகிறவர்களும் உண்டு. தேவனோடு ஒப்புரவானேன் என்று சாட்சி சொல்லி, சகோதரனோடு ஒப்புரவாக மறுப்பது பாதிச் சுவிசேஷம். காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடத்திற்குப் போ என்றார் ஆண்டவர். அவன் வரட்டும் என்று காத்திருக்கச் சொல்லவில்லை.

அடுத்த திருவிருந்து ஆராதனைக்கு முன்பாக, நீங்கள் பேசாமல் விட்டிருக்கும் ஒருவருடைய பெயரை ஜெபத்தில் சொல்லுங்கள். பின்பு எழுந்துபோய் அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

ஜெபம்: எங்களை உம்மோடு ஒப்புரவாக்கின பிதாவே, ஒருவரிடத்தில் ஒருவர் போக எங்களுக்குத் தாழ்மையையும் தைரியத்தையும் தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.