ஞானப்பாட்டும் கீர்த்தனையும்: ஒரு வகைப்பாட்டு மறுப்பு

தமிழ்க் கிறித்தவ இசைப்பாடல்களை ஆராய்வோர் அவற்றைப் பாமாலைப் பாடல், கீர்த்தனை என இருவகையாகப் பகுப்பது வழக்கம். மேலைநாட்டு மெட்டில் பாடப்பெறும் ஞானப்பாட்டுகள் முன்னவை; இராக தாளங்களில் தமிழர் இயற்றியவை பின்னவை. ஆங்கிலம் கலந்த திருச்சபைப் பேச்சில் முன்னது 'ஹிம்' எனவும் பின்னது 'லிரிக்' எனவும் வழங்கும். இப்பகுப்பு வடிவம் பற்றியதாயின் குற்றமில்லை. முன்னதே முறையான வழிபாட்டுப் பாடல், பின்னது அதற்குத் துணையாவது என்னும் தரவேறுபாடு அதனுள் மறைந்து நிற்பதே குற்றம். அவ்வேறுபாடு வரலாற்றோடு பொருந்தாது.

கல்கத்தாவின் இரண்டாம் ஆங்கிலிக்கப் பேராயர் ரெஜினால்டு ஹீபரின் வரலாறே இதற்குச் சான்று. திரித்துவத்தைப் போற்றும் அவரது 'ஹோலி, ஹோலி, ஹோலி' தமிழிலும் பெயர்க்கப்பெற்றுப் பாமாலை மரபில் உயர்ந்த இடம் பெற்றுள்ளது. ஆயின் அவர் காலத்து இங்கிலாந்துத் திருச்சபையில் யாப்பிலமைந்த தாவீதின் சங்கீதங்களே பெரிதும் பாடப்பட்டன. புதிதாக இயற்றப்பட்ட பாடல்கள் மெதடிஸ்டுகளின் வழக்கமென ஐயுறப்பட்டன. 1820இல் தம் தொகுப்பிற்கு ஹீபர் நாடிய திருச்சபை ஒப்புதல் கிட்டவில்லை. 1826 ஏப்ரல் 3ஆம் நாள் அவர் திருச்சிராப்பள்ளியில் மறைந்தார்; தொகுப்பு 1827இல்தான் வெளிவந்தது. அப்பாடலோடு பிரிக்கவியலாததாக இன்று எண்ணப்படும் மெட்டினை ஜான் டைக்ஸ் அமைத்தது 1861இல். ஆகவே மெட்டும் ஒப்புதலும் பாடலுக்குப் பின்னர் வந்து சேர்ந்தவையே.

கல்கத்தாவை அடுத்த சீராம்பூரில் 1800இல் திருமுழுக்குப் பெற்ற தச்சர் கிருஷ்ண பால் வங்கமொழியில் இயற்றிய பாடலொன்று, ஜோஷுவா மார்ஷ்மனின் மொழிபெயர்ப்பால் ஆங்கில ஞானப்பாட்டு நூல்களில் இடம்பெற்றது. ஆங்கில உடை உடுத்தபின் வங்கப்பாடல் ஞானப்பாட்டாகுமெனின், தன் மொழியிலேயே நிற்கும் தமிழ்ப்பாடல் எங்ஙனம் தாழ்ந்ததாகும்?

ஹீபர் 1826இல் உயிர்த்தெழுதல் திருநாளைக் கொண்டாடிய தஞ்சாவூரே வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) வாழ்ந்த ஊர். புதிதாக வந்த குருமார் தமிழிசையை வழிபாட்டினின்று விலக்கியதாக 1829இல் சாஸ்திரியார் முறையிட்டார். அக்காலத்து எழுத்துகளில் அவர் சாதி வேற்றுமைக்கு அரண் செய்தமை ஒருபோதும் ஏற்கத்தக்கதன்று. எனினும் அப்பிழை இசை பற்றிய முறையீட்டைப் பொய்யாக்காது.

கீர்த்தனை பயின்ற பாடகர்க்கே உரியது, சபையார் கூடிப்பாட ஏலாதது என்பர் சிலர். பல்லவியைச் சபையார் ஏற்றுப்பாட, சரணத்தை ஒருவர் முன்னின்று பாடும் முறையை அவர்கள் கருதவில்லை. மேலை ஞானப்பாட்டில் யாப்பளவு ஒத்தால் ஒரு மெட்டினை நீக்கி வேறொன்றை அமைக்கலாம். கீர்த்தனையிலோ சொல்லும் இராகமும் தாளமும் ஒன்றோடொன்று பிணைந்து பிறக்கின்றன. இவ்வேறுபாடு இசையமைப்பைப் பற்றியது. வழிபாட்டுத் தகுதியைப் பற்றியதன்று.

புகழ்ச்சியாதல், அது கடவுளைப் பற்றியதாதல், பாடப்படுதல் என்னும் மூன்றும் ஒருங்கே அமைந்ததே துதிப்பாடல் என்பது புனித அகுஸ்தீனார் வகுத்த இலக்கணம். மெட்டு எந்நாட்டது என அவர் வினவவில்லை. பதிகத்தையும் பாசுரத்தையும் பண்ணோடு வழிபாட்டில் ஓதிய தமிழர்க்கு இவ்விலக்கணம் புதிதுமன்று.

இதுகாறும் கூறியவற்றால், கீர்த்தனையைத் துணைப்பாடலாகக் கொள்ளும் வகைப்பாடு கைவிடத்தக்கது என்பது பெறப்படும். இலக்கிய வரலாறு எழுதுவோர் வேதநாயக சாஸ்திரியாரையும் ஹீபரையும் 'வழிபாட்டுப் பாடல்' என்னும் ஒரே தலைப்பின்கீழ் வைத்து ஆராய்தல் வேண்டும். வடிவ வேறுபாடு அதன் உட்பிரிவாக அமைவதே முறை.