விண்வெளிக்கு யாருடைய கால்கள்?

செவ்வாயிற் குடியேறும் மனிதன் காலப்போக்கிற் புதியதோர் இனமாகக் கூர்ப்படைவான் என்று கூறித் திரிவோர் இன்று பலர். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால், அம்மாற்றத்துக்கு விலை கொடுப்பவர் யார் என்ற கேள்வியை இவர்கள் எழுப்புவதேயில்லை.

இக்கனவு புதியதன்று. 1962 இல் இலண்டனில் நடந்த கருத்தரங்கொன்றில் ஜே. பி. எஸ். ஹால்டேன் இதைப் பற்றிப் பேசினார். பலகாலம் பொதுவுடைமைக் கட்சியில் இருந்தவர், இந்தியாவைத் தாயகமாக ஏற்று, 1964 இல் புவனேசுவரத்தில் மறைந்தவர், நம் மதிப்புக்குரியவர். அத்தகையவரே, ஈர்ப்புக் குறைந்த இடங்களுக்குக் கிப்பன் குரங்கின் உடலமைப்பு ஏற்றது என்றார். காலிழந்தவன் விண்வெளிப் பயணத்துக்குத் தனித் தகுதி பெறுவான் என்றார். அதோடு நின்றாரா? தலிடோமைட்டைப் போன்று, ஆனால் கருவின் கால்களை மட்டும் வளரவிடாத மருந்தொன்று கிடைத்தால், விண்மீன்களை நாடிச் செல்லும் குழுவை ஆயத்தஞ் செய்ய அது பயன்படலாம் என்றார். பாரம் குறையுமாம், உணவும் ஒட்சிசனும் மிச்சமாகுமாம். தலிடோமைட் மேற்கு ஜேர்மனியில் விற்பனையிலிருந்து அகற்றப்பட்டு அப்போது ஓராண்டே ஆகியிருந்தது. அதனால் அங்கங் குறைந்து பிறந்த ஆயிரக்கணக்கான குழந்தைகள் தொட்டிலில் கிடந்த வேளையில் ஒரு பேரறிஞரின் வாயில் வந்த சொல் "பயன்படலாம்" என்பது!

உடல் பழகுவது வேறு, இனம் மாறுவது வேறு. வலேரி பொல்யாக்கோவ் 1994-95 இல் மீர் நிலையத்தில் 437 நாட்கள் தொடர்ந்து வாழ்ந்தார். நிறையின்மையில், பாரந்தாங்கும் எலும்புகள் மாதந்தோறும் நூற்றுக்கு ஒரு பங்களவு தேய்கின்றன. அதைத் தடுக்கவே வீரர்கள் நாளுக்கு இரண்டு மணி நேரமளவு உடற்பயிற்சி செய்கின்றனர். இப்பழக்கம் எதுவும் பிள்ளைக்கு முதுசமாகப் போகாது. (போகும் என்று லைசென்கோ சொன்னதை நம்பி நம் அணியினரும் ஏமாந்தனர், வெட்கக்கேடு.) இனம் மாறவேண்டுமாயின் இயற்கைத் தெரிவு நடைபெறவேண்டும். அழகான சொல்! பொருந்தாதவை வழித்தோன்றலின்றி மடிவதும், தலைமுறை தலைமுறையாக மடிவதுமே அதன் பொருள். புவிக்கு வெளியே இன்றுவரை ஒரு குழந்தைகூடப் பிறந்ததில்லை. பிறக்காத அக்குழந்தைகளின் சாவைத்தான் இவர்கள் முன்னேற்றக் கணக்கில் வரவு வைக்கின்றனர்.

துருவப் பனியில் மனிதன் வாழ்ந்தது உடலெங்கும் உரோமம் வளர்த்தன்று. ஊசி கொண்டு தோலாடை தைத்தே வாழ்ந்தான். விண்ணுக்கும் அவ்வழியே போகட்டும். சுழன்று ஈர்ப்பை உண்டாக்கும் நிலையங்களையும், கதிர்வீச்சைத் தாங்கும் சுவர்களையும் கட்டட்டும். செலவு மிகுதி என்பர். மிகுதிதான். கலத்தை மாற்றுவதிலும் கருவை மாற்றுவது மலிவு என்பதே இவர்கள் கணக்கானால், அதை மறைக்காது எழுதட்டும். பதில் கூற நாம் ஆயத்தமாக இருக்கிறோம்.